அழகான ஊரில் ரூம் போடாதீர்கள்

இத்தாலி போகிறேன், கடலோர ஊர்களைப் பார்க்க வேண்டும், ஆனால் கார் ஓட்டத் தெரியாது, என்ன செய்யலாம் என்று வருஷத்துக்கு நாலு பேராவது வாட்ஸப்பில் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் இங்கே ஒரே தடவையாக எழுதிப் போட்டுவிடுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம்: போட்டோவில் பார்த்து மயங்கிய ஊரில் ரூம் போடாதீர்கள். அதற்கு அரை மணி, ஒரு மணி தூரத்தில், யாரும் போட்டோ எடுக்காத, பெரிய ரயில் ஸ்டேஷன் உள்ள, கொஞ்சம் அழுக்கான ஊர் ஒன்று கண்டிப்பாக இருக்கும். அங்கே போடுங்கள்.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை தனியாகப் போனபோது, சென்னையில் உட்கார்ந்துகொண்டு, நேப்பிள்ஸுக்குத் தெற்கே அமல்ஃபி கடற்கரையில் இருக்கும் பொஸிட்டானோவில் ரூம் போட்டேன். நேப்பிள்ஸில் இறங்கி, வெசூவியஸ் எரிமலையைச் சுற்றிக்கொண்டு போகிற குறுகிய பாதை ரயிலில் (அதன் பேரே சிர்க்கும்வெசூவியானாதான்) ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து சொரெண்டோ, அங்கிருந்து பஸ். அதுவரை எல்லாம் சரி. பொஸிட்டானோவுக்கு மேல் ரோட்டில் இரண்டு ஸ்டாப், கியேஸா நுவோவா, ஸ்போந்தா. ஊர் என்பது இந்த ரோட்டிலிருந்து கடல் வரைக்கும் இறங்குகிற படிக்கட்டுதான், படிக்கட்டின் இரண்டு பக்கமும் வீடுகள். நான் முந்தின ஸ்டாப்பிலேயே அவசரப்பட்டு இறங்கி, இருபத்து மூன்று கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிப்படியாக இறங்கி, வழி கேட்டு, பாதி தூரம் திரும்ப ஏறி, ரூம் போய்ச் சேர்ந்தபோது அந்த ஊரின் மேல் இருந்த காதலெல்லாம் போய்விட்டது.

அது கூடப் பரவாயில்லை. மறுநாள் அமல்ஃபிக்குப் போகலாம் என்று ஸ்டாப்பில் நின்றால், பஸ் வந்தது, நிற்காமல் போனது. அடுத்ததும் அப்படியே. டிரைவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார், இடமில்லையாம். யோசித்தால் நியாயம்தான். சொரெண்டோவில் கிளம்பும்போதே உட்கார இடமில்லாமல் நிரம்பி வரும் வண்டி அது, பொஸிட்டானோ நடுவழி. நடுவில் ஏறுகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை மாலை ஆறு மணிக்கு டவுன் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆக, இரண்டு மடங்கு வாடகை கொடுத்து நான் வாங்கியது, எங்கேயும் ஏறிப் போக முடியாத ஒரு இடம். பஸ் கிளம்புகிற இடத்துக்கு இத்தாலியனில் கபோலீனெயா என்பார்கள், வழித்தடத்தின் தலை. தங்க வேண்டியது அங்கேதான் என்று அன்றைக்குப் புத்தி வந்தது.

இரண்டாவது தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அறுபத்தேழு வயது, இடது முழங்கால் தகராறு. இந்தத் தடவை லா ஸ்பெட்ஸியாவில் ரூம், ஸ்டேஷனிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். லா ஸ்பெட்ஸியா ஒரு கடற்படைத் துறைமுக ஊர். சாப்பாட்டுக் கடையில் உள்ளூர்க்காரர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள், துணி காயப்போட்ட அடுக்குமாடிகள் இருக்கும், பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் பீசாவிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. இந்தப் பக்கம் லிகூரியா மாநிலக் கடற்கரையில், சிங்க்வே தெர்ரே என்று பேர் பெற்ற ஐந்து ஊர்களும் ஒரே ரயில் பாதையில் வரிசையாக: ரியோமஜ்ஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாட்ஸா, மொந்தெரொஸ்ஸோ. அதைத் தாண்டினால் லெவாந்தோ. ஊருக்கு ஊர் மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். சுற்றுலாப் பருவ காலத்தில் வண்டிகள் அடிக்கடி ஓடும், டைம்டேபிள் பார்க்கவே வேண்டாம், போய் நின்றால் வரும்.

ரயில் என்று சொல்லிவிட்டேனே தவிர, பெரும்பாலும் சுரங்கப்பாதைதான். இருட்டு, இருட்டு, திடீரென்று ஒரு கை அகலத்துக்குக் கடல், மறுபடி இருட்டு. மூன்றாவது தடவை கடல் வந்தபோது அம்மா, "என்னடா இது, கண்ணாமூச்சி காட்டுது" என்றார். லா ஸ்பெட்ஸியாவிலிருந்து போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், வலது பக்கம் முழுக்கப் பாறைதான். வெர்னாட்ஸாவிலும் ரியோமஜ்ஜோரேயிலும் இன்னொரு வேடிக்கை உண்டு. பிளாட்பாரத்தின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள் இருப்பதால், கடைசிப் பெட்டிகளில் இருப்பவர்களுக்குக் கதவு இருட்டுக்குள்ளே திறக்கும். வெளியே பார்த்துவிட்டு, ஸ்டேஷன் இன்னும் வரவில்லை, வண்டி சிக்னலுக்கு நிற்கிறது என்று நினைத்து உட்கார்ந்தே இருப்பார்கள். வண்டி கிளம்பிவிடும். எங்கள் பெட்டியில் ஒரு குடும்பமே அப்படி அடுத்த ஊருக்குப் போனது. கதவு திறந்தால் இறங்குங்கள், அவ்வளவுதான்.

இந்தப் பாதை 1874இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இந்த ஊர்களுக்கு வர வேண்டுமென்றால் படகு, இல்லாவிட்டால் மலை மேல் கோவேறு கழுதைத் தடம். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லாமல் கல்லைக் கல் மேல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அந்த மேடைகளில் திராட்சை போட்டுப் பிழைத்த ஊர்கள். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததற்கு அந்தக் கல் சுவர்களும் ஒரு காரணம். ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கிற, எல்லாரும் கை கோத்துப் படம் எடுக்கிற 'காதல் பாதை' இருக்கிறதே, அதுவும் ரயில் வேலையில் பிறந்ததுதான். சுரங்கம் குடைகிற காலத்தில் வெடிமருந்தைக் குடியிருப்புக்குத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது, அந்தக் கிடங்குக்குப் போய்வரப் பாறையில் வெட்டிய தடம் பின்னால் காதலர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2012இல் பாறை சரிந்து மூடியதைத் திரும்பத் திறக்க 2024 ஆகிவிட்டது. ஒரு கிலோமீட்டர் கூட இல்லாத பாதைக்குப் பன்னிரண்டு வருஷம்.

ஐந்து ஊர்களில் கொர்னீலியா மட்டும் கடலோரத்தில் இல்லை, நூறு மீட்டர் உயரத்தில் ஒரு பாறை முதுகில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஷன் கீழே. நடுவில் லர்தரீனா என்று ஒரு செங்கல் படிக்கட்டு, முப்பத்து மூன்று மடிப்பு, ஏறக்குறைய 380 படி. ஸ்டேஷன் வாசலில் சின்ன பஸ் ஒன்றும் நிற்கும், ரயிலும் பஸ்ஸும் சேர்த்துப் போட்ட நாள் அட்டை இருந்தால் அதற்குத் தனியாகக் காசு கிடையாது. அம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் வீறாப்பாகப் படியில் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது அம்மா ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து பாதி ஐஸ்கிரீம் சாப்பிட்டு முடித்திருந்தார். "நிதானமா வா, அவசரமில்ல" என்றார். அந்த ஊரில் கூட்டம் குறைவு, படிக்கட்டைப் பார்த்தே பாதிப் பேர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஐந்தில் எனக்குப் பிடித்தது அதுதான். ஒரே ஒரு ஊர் பார்க்கத்தான் நேரம் என்றால் வெர்னாட்ஸாவை விட்டுவிட்டு இங்கே வாருங்கள் என்பேன், நிறையப் பேர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

நடக்கப் பிடித்தவர்களுக்கு லெவாந்தோ பக்கம் ஒரு ரகசியம். பழைய ரயில் பாதையை உள்ளே தள்ளிப் போட்டபோது காலியான சுரங்கங்களை அப்படியே சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டுவிட்டார்கள். லெவாந்தோவிலிருந்து பொனஸ்ஸோலா, அங்கிருந்து ஃப்ராமூரா வரை சமதளம், முழங்கால் தகராறு உள்ளவர்களும் நடக்கலாம். ஒரு சுரங்கத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே வெயிலும் கடலும். உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது, ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் சமாசாரம் சுருக்கமாக. ரெஜியோனாலே என்று போட்ட பாசஞ்சர் வண்டிகளுக்கு ரிசர்வேஷன் கிடையாது, மூன்று மாதம் முன்னால் வாங்கினாலும் ஏறுகிற நாளில் வாங்கினாலும் அதே விலை, அதனால் அவசரப்பட வேண்டாம். வேகமான வண்டிகளுக்குத்தான் முன்னாடி வாங்கினால் லாபம். சிங்க்வே தெர்ரேயில் மட்டும் கணக்கு வேறு, பருவ காலத்தில் ஒரு ஊர் தள்ளி இறங்கினாலும் ஐந்து யூரோவுக்குக் குறையாது, அதனால் நாள் அட்டை. காகித டிக்கெட் வாங்கினால் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன எந்திரத்தில் குத்திக்கொண்டுதான் ஏற வேண்டும், போனில் வாங்கினால் கிளம்பும் முன்பு செக்-இன் அழுத்த வேண்டும். கையில் டிக்கெட் இருக்கிறதே என்று பரிசோதகரிடம் வாதாடிப் பிரயோஜனமில்லை. குத்தாத டிக்கெட் அவருக்கு இன்னொரு தடவையும் செல்லும் டிக்கெட், அபராதம்தான். ஸ்டேஷன் சுவரில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தால் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டு வண்டிக்குக் காத்திருந்த புண்ணியவான்களை எனக்குத் தெரியும். ஷோப்பெரோ என்ற சொல் கண்ணில் பட்டால் வேலைநிறுத்தம் என்று பொருள், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், வார நாட்களில் காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை ஆறிலிருந்து ஒன்பது மணி வரை குறிப்பிட்ட பாசஞ்சர் வண்டிகள் கட்டாயம் ஓடும். அதற்குள் நம் வேலையை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் தெற்கே இறங்கினோம். அமல்ஃபி கடற்கரை நெடுக ரயில் கிடையாது. லிகூரியாவில் மலையைக் குடைந்தார்கள், இங்கே மலையின் இடுப்பில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு ரோடு வெட்டியதோடு சரி. ரயில் இரண்டு முனையிலும் நின்றுவிடும், மேற்கே சொரெண்டோவில், கிழக்கே சலேர்னோவில். எல்லாரும் சொரெண்டோவுக்கு ஓடுகிறார்கள். நீங்கள் சலேர்னோவுக்குப் போங்கள். ரோமிலிருந்து வேக வண்டியில் இரண்டு மணி நேரம், நேப்பிள்ஸிலிருந்து பாசஞ்சரில் நாற்பது நிமிஷம். பஸ்ஸும் அங்கேயே கிளம்புகிறது, படகுத் துறையும் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். வெயில் காலத்தில் படகிலேயே அமல்ஃபி போய்விடலாம், ரோட்டு நெரிசல் தொடாது. ஆனால் கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும், பஸ் நிற்காது.

சலேர்னோவிலிருந்து வரும் பஸ் வியெத்ரி, செதாரா, மாயோரி, மினோரி, அத்ரானி என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டு அமல்ஃபியில் முடியும். வியெத்ரியில் சுவரெல்லாம் பீங்கான் ஓடு. செதாராவில் நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுச் சாறு வடித்துச் சின்னப் பாட்டிலில் விற்கிறார்கள், அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, கருவாட்டுக் கடையைப் பாட்டிலில் அடைத்துவிட்டார்கள் என்றார். (நான் வாங்கினேன். ரசத்தில் கூட இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) அத்ரானி பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய ஊராட்சி, 0.12 சதுர கிலோமீட்டர். அமல்ஃபியிலிருந்து நடந்தே பத்து நிமிஷம், அமல்ஃபியில் இருக்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இங்கே வருவதில்லை.

அம்மாவை அசத்தியது ஊர்களைவிட அந்த ரோடுதான். அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்தவர், கொல்லிமலை ரூட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினோரு வருஷம் ஓட்டியவர். அதனால் மலை ரோடு பற்றி அம்மாவிடம் வாய் திறக்க முடியாது. மாயோரியைத் தாண்டி ஒரு திருப்பத்தில் எங்கள் பஸ்ஸும் எதிரே வந்த சுற்றுலா பஸ்ஸும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. இரண்டுக்கும் பின்னால் கார், ஸ்கூட்டர் எல்லாம் வரிசை கட்டிவிட்டது. எங்கள் டிரைவர் ஹாரனை ஒரு நீட்டு நீட்டினார். பின்னாடி இருந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் இறங்கிப் போய், யாரும் கேட்காமலேயே, கையை ஆட்டி ஆட்டி ஒவ்வொரு காராகப் பின்னுக்கு அனுப்பினார். அப்புறம் எங்கள் வண்டி ரிவர்ஸ் எடுத்தது. பின் சக்கரத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், ஒரு ஜாண் இருக்கலாம், சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. எதிர் பஸ்ஸின் கண்ணாடி எங்கள் கண்ணாடியை உரசாமல் கடந்து போன அந்த அரை நிமிஷம் பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. அம்மா டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணாடிய மட்டுந்தான் பாக்கறான், கழுத்தத் திருப்பல. நல்ல கை" என்றார். அம்மா அப்பாவுக்கே அந்தச் சான்றிதழ் கொடுத்து நான் கேட்டதில்லை.

ஒரு குறிப்பு: சலேர்னோவிலிருந்து போகும்போது வண்டி மலைச் சுவரை ஒட்டிப் போகும், கடல் இடது பக்கம், ஒரு ரோடு அகலம் தள்ளி. சொரெண்டோவிலிருந்து வந்தால் வலது ஜன்னலுக்குக் கீழே நேரே கடல். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு எந்தத் திசை நல்லது என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி என் முட்டாள்தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமல்ஃபியைத் தாண்டி பிரயானோ வரைக்கும் போயிருந்தோம். திரும்புவதற்கு ஸ்டாப்பில் ஒட்டியிருந்த டைம்டேபிளைப் பார்த்தேன். இரண்டு வகை: ஃபெரியாலே, ஃபெஸ்தீவோ. ஃபெரியே என்றால் விடுமுறை என்று எங்கேயோ படித்தது நினைவு. ஞாயிறு விடுமுறைதானே, ஆக ஃபெரியாலே. நாலு பத்துக்கு பஸ். நாலு பத்து போனது, நாலு இருபத்தைந்து போனது. சூரியன் நேர் எதிரே. அம்மா குடையை விரித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அந்த வழியாக இரண்டு கை நிறைய எலுமிச்சைப் பை (அந்த ஊர் எலுமிச்சை ஒவ்வொன்றும் நம்மூர் நார்த்தங்காய் அளவு) தூக்கி வந்த ஒரு பாட்டி நின்று, என் விரல் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்து, என் விரலைப் பிடித்தே பக்கத்து வரிசைக்கு நகர்த்தினார். "தொமேனிக்கா. ஃபெஸ்தீவோ." தொமேனிக்கா என்றால் ஞாயிறு. அடுத்த பஸ் ஐந்தே முக்காலுக்கு.

ஃபெரியாலே என்றால் வேலை நாள். திங்கள் முதல் சனி வரை, சனியும் சேர்த்தி. ஃபெஸ்தீவோதான் ஞாயிறும் பண்டிகையும். லத்தீனில் அந்த வேர்ச்சொல்லுக்கு முதலில் விடுமுறை என்றுதான் பொருள். பிறகு திருச்சபை நாள்காட்டியில் வார நாட்களை அதே சொல்லால் குறிக்கப்போய், ஃபெரியாலே என்ற சொல்லில் மட்டும் அர்த்தம் தலைகீழாகத் தங்கிவிட்டது. இதே மாதிரி ஸ்கொலாஸ்திகோ என்று போட்டிருந்தால் பள்ளி நடக்கிற நாளில் மட்டும் ஓடும் பஸ், ஆகஸ்டில் அதற்காக நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன்: பஸ் டிக்கெட்டைக் கடையில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள், கண்டக்டர் என்ற ஜீவன் கிடையாது. டி எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடை, தபாக்கி, அங்கே விற்பார்கள். சின்ன ஊர்களில் ஞாயிறு மதியம் அந்தக் கடை பூட்டியிருக்கும். போகும்போதே திரும்புவதற்கும் சேர்த்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏறியதும் குத்துங்கள்.

இதே கணக்கை வைத்துக்கொண்டு இன்னும் கீழே போகலாம். பாரியில் தங்கினால் பொலிஞ்ஞானோ, மொனோப்போலி என்ற கடலோர ஊர்கள் இரண்டும் ஒரே பாசஞ்சர் பாதையில். கலாப்ரியாவில் ஷில்லா ஸ்டேஷனில் இறங்கினால் சில நிமிஷ நடையில் கடற்கரை. அதைத் தாண்டி வில்லா சான் ஜொவான்னியில் சிசிலி போகிற ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலுக்குள்ளே தள்ளி மெஸ்ஸீனாவில் வெளியே எடுத்துக் கோக்கிறார்கள், அம்மா தனுஷ்கோடி போட் மெயிலில் கூட ஆட்கள்தான் கப்பலுக்கு மாறினார்கள், ரயில் மாறவில்லை என்று வாயில் கை வைத்தார். சிசிலியில் செஃபலூவுக்குப் பலேர்மோவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்.

பலேர்மோவில் மொந்தெல்லோ கடற்கரைக்குப் போக 806ஆம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். பழைய மீன்பிடி ஊர், இப்போது நகரத்துக்காரர்கள் குளிக்கிற இடம். அதே ஸ்டாப்பில் 812க்கு, கையில் பூவோடு ஐந்தாறு பெண்கள். பேச்சு காதில் விழுந்ததும் அம்மா திரும்பிவிட்டார். யாழ்ப்பாணத் தமிழ். எண்பதுகளிலிருந்தே அங்கே ஈழத் தமிழர்கள் குடியிருக்கிறார்கள், பெல்லெக்ரீனோ மலை மேல் உள்ள, சாந்தா ரொசாலியா என்ற கிறிஸ்தவப் புனிதரின் குகைக் கோயிலுக்கு, சைவர்களும் சேர்த்தி, ஞாயிறுகளில் போய்வருகிறார்கள். மூன்று வாரமாக என்னிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்த அம்மா அந்தப் பத்து நிமிஷத்தில் எங்கள் குடும்ப வரலாறு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். கடலுக்கு நாளைக்குப் போகலாம்டா என்று சொல்லிவிட்டு அவர்களோடு 812இல் ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். ஏறியதும் அதில் வயதான ஒரு பெண்மணி என் பக்கம் திரும்பி, "தம்பி, டிக்கெட்டக் குத்திப்போட்டீங்களோ?" என்றார்.

குத்தவில்லை.